நடக்கச் சொன்னால் போதுமா... நடக்கத் தெரு வேண்டாமா?

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை... இதில் எதற்கு வைத்தியரிடம் போனாலும் மருந்துச் சீட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கும். 'தினமும் நடக்கவும்.' அலோபதி டாக்டரும் அதைத்தான் எழுதுவார். சித்த வைத்தியரும் அதைத்தான் எழுதுவார். மற்ற விஷயங்களில் ஒத்துப்போகாத நாங்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி!

காசில்லாத மருந்து, பக்க விளைவு இல்லாத மருந்து என்றெல்லாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று சொல்வதில்லை. "எங்க டாக்டர் நடக்கிறது? வாசல்ல இறங்கினா பள்ளம். பிளாட்பாரத்துல ஏறினா பைக்கு. ரோட்டுல இறங்கினா பஸ்ஸு!" என்று ஓர் அம்மா கேட்டால், வைத்தியருக்கு வாய் அடைத்துப்போகும்.

அதனால்தான் இந்த முறை மூலிகையை ஓரமாக வைத்துவிட்டுக் கடைத்தெருவைப் பற்றி எழுதுகிறேன். 'வைத்தியருக்குக் கடைத்தெருவில் என்ன வேலை?' என்று கேட்காதீர்கள். வேலை நிறைய இருக்கிறது.

காய்கறி யார் வாங்குகிறார்கள்?

நம் தாத்தா பாட்டி யாராவது 'வாக்கிங்' போனார்களா? போகவில்லை. கோயிலுக்குப் போனார்கள். காய்கறி வாங்கப் போனார்கள். வெற்றிலை வாங்கப் போன தாத்தா, வழியில் நாலு பேரிடம் ஊர்க்கதை பேசிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவார். அவருக்கு அது உடற்பயிற்சி என்றே தெரியாது. தெரியாததனால்தான் எண்பது வயது வரை விடாமல் செய்தார்!

காரணத்தோடு நடக்கிற நடைதான் நிலைக்கும். 'உடம்பு இளைக்கணும்' என்று புது ஷூ வாங்கி ஆரம்பிக்கிற நடை, பெரும்பாலும் ஷூ பழசாவதற்கு முன்பே நின்றுவிடும்.

வயதானவர்களிடம் நான் 'நடக்கிறீர்களா?' என்று கேட்பதில்லை. 'வீட்டுக்குக் காய்கறி யார் வாங்குகிறார்கள்?' என்றுதான் கேட்பேன். "முன்னெல்லாம் நான்தான் போவேன். இப்ப பையனே வண்டியில வாங்கிட்டு வந்துடறான்" என்று பதில் வந்தால் உஷாராகிவிடுவேன். கடைக்குப் போவது நின்ற சில மாதங்களில் பசி மந்தம் வரும். அதன் பின்னாலேயே மலச்சிக்கல். பகலில் கண்ணயர்ந்து, ராத்திரியில் விட்டத்தைப் பார்ப்பார்கள். முழங்கால் இறுகும். பேச்சுத் துணையும் போய்விடுவதால் மனசும் சுருங்கும். பிள்ளை பாசத்தோடுதான் செய்கிறான். ஆனால் அப்பாவின் மருந்தை அவனே சாப்பிட்டுவிடுகிறான்... அதுவும் வண்டியில் போவதால் அவனுக்கும் பலனில்லை!

உடம்பில் வாயுக்கள் பத்து என்பது சித்த மருத்துவக் கணக்கு. அதில் அபானன் கீழ்நோக்கி இயங்கி மலசலத்தை வெளியேற்றுவது. உட்கார்ந்தே இருப்பவருக்கு அபானன் தடைப்படும் என்கிறோம். குடலின் அசைவுக்கு உடல் அசைவு துணை என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. நோயணுகா விதி சொன்ன தேரையர், சாப்பிட்டதும் கட்டிலைத் தேடாமல் சிறிது தூரம் மெல்ல நடந்துவிட்டு வரச் சொல்கிறார். உணவுக்குப் பின் சில நிமிடங்கள் நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுவதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன.

இது சாதாரண விஷயமா? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். அந்த நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல்! இத்தனை பேருக்கும் மருந்து 'நட' என்றால், இத்தனை பேரும் நடக்க இடம் எங்கே?

மாலில் வலிக்காத முழங்கால்

ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்கு நடக்க 'முட்டி வலிக்குது' என்கிறவர்கள், குளுகுளு மாலுக்குள் போனால் இரண்டு மணி நேரம் சுற்றுவார்கள். முழங்கால் அதேதான். பிறகு எப்படி?

மாலில் தரை சமம். குறுக்கே வண்டி வராது. வெயில் இல்லை. கால் ஓய்ந்தால் உட்கார பெஞ்சு இருக்கிறது. வேடிக்கை பார்க்க வரிசையாகக் கடை. கழிவறையும் உண்டு. பாதிக் குறை முழங்காலில் இருந்தாலும், மீதிக் குறை தெருவில்தான் இருக்கிறது.

இந்த வசதிகளை ஒரு பழைய கடைத்தெருவுக்கே கொடுத்துவிட்டால்? அப்படி ஒரு முயற்சி நம் சென்னையிலேயே நடந்தது. நீங்கள் தீபாவளித் துணி எடுக்கப் போகும் அதே பாண்டி பஜாரில்!

ஏரி ஊரானது... ஊர் கடலானது

தியாகராய நகர் இருக்கிற இடம் ஒரு காலத்தில் மாம்பலம் ஏரி. நகரத்தின் மேற்கு ஓரம். 1920-களில் நீதிக் கட்சி ஆட்சியில் ஏரியை வடித்து, தெருக்கள் போட்டு, நடுவில் பனகல் பூங்கா வைத்துத் திட்டமிட்டுக் கட்டிய புறநகர் அது. சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும், ரயிலில் மாம்பலத்தில் இறங்கி நடந்தே பஜாருக்கு வரும் வழக்கம் பிடித்துக்கொண்டது. தியாகராய சாலையின் கடைவீதிக்கு சௌந்தரபாண்டியனார் பெயரால் பாண்டி பஜார் என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

குடியிருப்பாகப் பிறந்த ஊர் மெல்ல மெல்லக் கடைகளின் கடலாகிவிட்டது. பிளாட்பாரத்தில் கடை, அதை ஒட்டி பைக், அதை ஒட்டி கார்... கடைசியில் நடக்கிறவருக்கு மிஞ்சியது நடுரோடு! ஒரு பக்கம் நெரிசல் கூடிக்கொண்டே போக, இன்னொரு பக்கம் 2010-ல் ராயப்பேட்டையிலும் 2013-ல் வேளச்சேரியிலும் பெரிய பெரிய மால்கள் திறந்தன. 'பாண்டி பஜாரா? ஐயோ, கூட்டம்!' என்று சொல்கிறவர்கள் அதிகமானார்கள்.

ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்தால் என்ன ஆகும்? இதயம் இருக்கும், ரத்தமும் இருக்கும், ஓட்டம் மட்டும் இருக்காது. தெருவும் அப்படித்தான்.

தெருவுக்கு நடந்த சிகிச்சை

முதலில் 2013-ல், நீதிமன்ற உத்தரவுகளின் பின்னணியில், நடைபாதை வியாபாரிகளைப் பல மாடி வளாகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அடுத்து 2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்காகச் செலவிடும் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அது. நம் நாட்டு மாநகரங்களில் இது முன்னோடி.

பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பாண்டி பஜாரைச் சேர்த்தார்கள். கட்டுவதற்கு முன்பே தற்காலிகத் தடுப்புகளை வைத்து, வண்டிகளை ஒதுக்கி, 'இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?' என்று மக்களுக்கே ஒத்திகை காட்டினார்கள். முழு மருந்தைக் கொடுப்பதற்கு முன் சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பது போல! சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில் உருவான நடைபாதை வளாகத்தை 2019 நவம்பர் 13-ம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். வண்டியை அங்கே முழுக்கத் தடை செய்யவில்லை. வண்டி ஓடும் பாதையைக் குறுக்கி, இரு பக்கமும் பிளாட்பாரத்தை விசாலமாக்கினார்கள். மரநிழலில் உட்கார இடம், குழந்தைகள் விளையாட ஊஞ்சல், வண்டி ஏறாமலிருக்கக் குட்டைத் தூண்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள். பேரனை விளையாட விட்டுவிட்டுப் பெஞ்சில் பாட்டி உட்கார்ந்திருப்பார். பாட்டி அங்கே துணி எடுக்க மட்டும் வரவில்லை. வந்திருப்பது வெளிக்காற்றுக்கும் நாலு முகம் பார்க்கவும்.

'காரை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடுமே!'

இப்படி ஒரு திட்டம் என்றதும் எந்த ஊர்க் கடைக்காரருக்கும் வயிற்றைக் கலக்கும். 'கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாவிட்டால் எவன் வருவான்?' நியாயமான பயம்தான். பிழைப்பு அல்லவா? இதே பயத்தைத் தாண்டி வந்த ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே, மொஹாவி பாலைவன ஓரத்தில் உள்ள ஊர் லான்காஸ்டர். காரில்லாமல் கடுகு வாங்கக்கூட முடியாத புறநகர். பக்கத்து ஊரான பாம்டேலில் 1990-ல் பெரிய மால் வந்தது. லான்காஸ்டர் பூல்வார்டு என்ற அதன் பழைய கடைவீதியோ வண்டிகள் விர்ரென்று பறக்கும் அகலச் சாலையாகவும், காலிக் கடைகளாகவும் கிடந்தது. நடப்பவர் இல்லை. நடப்பவர் இல்லாததால் கடை இல்லை. கடை இல்லாததால் நடப்பவர் இல்லை!

2010-ல் அந்த வீதியின் ஒன்பது பிளாக்குகளை மாற்றிக் கட்டினார்கள். சுமார் 1 கோடியே 15 லட்சம் டாலர் செலவு. எட்டே மாதத்தில் வேலை முடிந்தது. பக்கத்துக்கு ஒரு வண்டித் தடம் மட்டும் விட்டு, சாலையின் நடுவே மரங்கள் நட்ட அகலமான திண்ணை போன்ற இடம் அமைத்தார்கள். சாதாரண நாளில் அங்கே கார் நிறுத்தலாம். திருவிழா, சந்தை நாளில் காரை விலக்கிவிட்டு ஜனங்கள் நடக்கலாம். கார்க்காரர், கடைக்காரர், நடப்பவர் மூவருக்கும் இடம் கிடைத்தது.

விளைவு என்ன? அதற்குப் பிந்தைய சில வருடங்களில் அங்கே சுமார் 50 புதிய தொழில்கள் தொடங்கின. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 85 சதவீதம் குறைந்தன. 2012-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விருதும் கிடைத்தது. வைத்தியனாக எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 85 சதவீதம்தான். உடையாத எலும்புகள் அல்லவா அவை!

வேகம் குறைந்தால் உயிர் பிழைக்கும் என்பதில் மாயமில்லை. வண்டிகளின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ச்சேதம் ஏற்படுத்தும் விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2022-ம் வருடம் மட்டும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். வண்டி ஓட்டியவர்கள் அல்ல... வெறுமனே நடந்தவர்கள்!

அமெரிக்க வைத்தியம் அப்படியே நமக்குச் செல்லுபடியாகாது. அங்கே ஆளில்லாத தெருவுக்கு ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே இருக்கிற ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோய் வேறு, மருந்தின் அளவும் வேறு. ஆனால் 'நடப்பவருக்கு இடம் கொடுத்தால் வியாபாரம் செத்துவிடும்' என்பது விதியல்ல. காரில் பறக்கிறவர் போர்டைக்கூடப் படிக்க மாட்டார். நடந்து வருகிறவர்தான் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார்!

பத்தியம் மீறினால்...

சிகிச்சை முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியுமா? மருந்து பாதி, பத்தியம் பாதி. பாண்டி பஜாரிலும் பத்தியம் மீறப்படுவதைப் பார்க்கிறோம். தூண்களின் இடைவெளியில் நுழையும் பைக்குகள். 'ரெண்டே நிமிஷம் சார்' என்று நிறுத்தப்படும் கார்கள். ரெண்டு நிமிஷம் உங்களுக்கு. ஆனால் கைத்தடியோடு வரும் ஒரு பெரியவர் அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் ரோட்டில் இறங்கியாக வேண்டும்.

நடைபாதை வியாபாரி விஷயம் இன்னும் சிக்கலானது. அவரை விரட்டினால் தெரு சுத்தமாகும், ஒரு குடும்பம் பட்டினியாகும். அதோடு, பூவும் பழமும் வாங்கத்தானே நாம் நடக்கிறோம்? நடக்கக் காரணம் தருவதே அவர்தான்! 2014-ம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம், அதற்கென்று நகரந்தோறும் ஒரு குழு அமைத்து, இடம் வகுத்துக் கொடுக்கச் சொல்கிறது. கடைக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம் என்று கோடு போட்டுவிட்டால் இருவரும் வாழலாம்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. பயன்படுத்தத் தகுந்த நடைபாதை என்பது, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. மாற்றுத் திறனாளிகளும் போகும்படி அது இருக்க வேண்டும் என்றது. ஆகவே பிளாட்பாரம் கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமை கேட்பது.

உங்கள் தெருவுக்கு நாடி பாருங்கள்

எல்லோரும் பாண்டி பஜாருக்குப் போக முடியாது. போகவும் வேண்டாம். உங்கள் பேட்டையிலேயே ஒரு பழைய கடைத்தெரு இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுப் பெரியவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய் இவற்றைப் பாருங்கள்.

* பிளாட்பாரத்தின் உயரம் என்ன? 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். ஒரு சாணுக்கும் குறைவு! அதற்கு மேலிருந்தால் மூட்டு வலிக்காரர் ஏற மாட்டார், ரோட்டில்தான் நடப்பார்.

* தடையில்லாத அகலம் எவ்வளவு? குறைந்தபட்சம் 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி வேண்டும் என்பது அதே வழிகாட்டுதல். மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், போர்டு எல்லாம் போக மிச்சம் என்ன என்று பாருங்கள்.

* நூறு அடிக்கு ஒரு நிழல் உண்டா? உட்கார ஒரு திண்ணையாவது உண்டா? உட்கார இடம் உண்டு என்ற தைரியம் இருந்தால்தான் வயதானவர் தூரம் நடப்பார்.

* ரோட்டைக் கடக்கும் இடத்தில் வண்டி வேகம் குறைகிறதா? ராத்திரி விளக்கு எரிகிறதா?

* பெண்கள் போகத் தகுந்த கழிவறை உண்டா? இது இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே வெளியே கிளம்பும் பெண்கள் எத்தனை பேர்! நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு பாதியும் அங்கேதான் ஆரம்பம்.

குறைகளைப் பட்டியல் போட்டு, வார்டு கவுன்சிலரிடமோ மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்திலோ எழுத்தில் கொடுங்கள். ஒருவராகப் போகாமல் தெருக்காரர் பத்துப் பேர், கடைக்காரர் இரண்டு பேர் என்று சேர்ந்து போங்கள். கடைக்காரரும் கூட வந்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

நடக்கும்போது...

* வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். சாப்பிட்ட பின் மெதுநடை மட்டும். வேகநடைக்கு வயிறு லேசாக இருக்க வேண்டும்.

* வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் நல்லது. ஒரே மூச்சில் வேண்டாம். ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். பால் வாங்க ஐந்து, கோயிலுக்குப் பத்து, காய்கறிக்குப் பதினைந்து... தினக் கணக்கு அரை மணி முடிந்தது!

* சாமானை ஒரே பையில் திணிக்காமல் இரண்டு பையாக்கி இரு கையிலும் பிடியுங்கள். ஒரு பக்கச் சுமை இடுப்பை வாங்கிவிடும்.

* சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பின்வார் வைத்த, அடி மெத்தென்ற செருப்பு போடுங்கள். திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் காயம் உண்டா என்று பாருங்கள்.

* இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் உடனே வாயில் போடுங்கள்.

* நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் வந்தால் நின்றுவிடுங்கள். 'வாயுப்பிடிப்பு' என்று கஷாயம் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

* நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வண்டி வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அரை கிலோமீட்டருக்குள் இருக்கிற கடைக்கு வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிளாட்பாரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த ஆறடி இடம் யாரோ ஓர் அப்பாவுக்கு மருந்து. நாளைக்கு உங்களுக்கும் அதே மருந்துதான் எழுதப்போகிறார்கள்!